உச்சமுனைப் பேணிகளும் கண்ணாடிக் கடையும்

அந்த யோசனை எனக்கு வந்தபோது நான் கற்பிட்டித் துறையில் நின்று அவித்த கடலை தின்றுகொண்டிருந்தேன். பெரிய யோசனைகள் அப்படியான இடத்தில் வரக்கூடாதுதான். வந்துவிட்டது.

சில்வெஸ்டர் அண்ணனின் படகு உச்சமுனைத் தீவிலிருந்து வந்து கரை தட்டியது. முதலில் வெள்ளை யூனிபோர்ம் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலுபேர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பிறகு கருவாட்டுச் சாக்குகள் இறங்கின. கடைசியாகத் தகரப் பேணிகள். பால்மாப் பேணி, பிஸ்கட் பேணி, கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய எண்ணெய்ப் போத்தல், பிடி உடைந்த மண்ணெண்ணெய்க் கான். எல்லாம் வெறும் பேணிகள். ஒரு துண்டுக் கடதாசி இல்லை, என்ன வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. சில்வெஸ்டர் அண்ணன் அவ்வளவையும் பழைய வலைத்துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு எதிரே இருந்த ஜவுபர் நானாவின் கடைக்குள் போனார்.

பேணிதான் பட்டியல். நீலப் பேணி வந்தால் அது பெர்னடெட் அக்கா வீடு, அதற்குள் சீனி, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை. சிவப்பு நூல் போத்தலும் அவருடையதுதான், தேங்காயெண்ணெய். பேணிக்குள் ஒரு சிப்பி கிடந்தால் இந்த வாரம் பாதி போதும் என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டதும் நிறைந்த பேணிகளும் நாலு பிள்ளைகளும் அதே படகில் திரும்பிப் போவார்கள். கருவாடு ஜவுபர் நானாவின் கடையில் தங்கிவிடும். விற்பது அவர் பாடு. பிள்ளைகள் படகுக்குக் கொடுக்கிற காசு டீசலுக்குக் காணாது. படகு ஓடியது போகிற பேணியாலும் வருகிற கருவாட்டாலும்தான்.

இந்தக் கடைசி வசனத்தை இப்போது எழுதுகிறேன். அன்று அது என் தலைக்குள் வரவே இல்லை. நான் கடலைக் கோதை எறிந்துவிட்டு யோசித்தது இவ்வளவுதான்: இத்தனை பேணியும் ஏன் எங்கள் கடைக்கு வரவில்லை?

எங்கள் கடை என்றால், முன்சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதால் ஊர்ச் சனம் கண்ணாடிக் கடை என்று சொல்கிற அந்த மலிவு விலைப் பேரங்காடி. யுத்தம் முடிந்தது, ரோட்டுக்குத் தார்க் காபட் போட்டார்கள், ரோட்டின் பின்னால் ஹோட்டல்கள் வந்தன, ஹோட்டல்களின் பின்னால் எங்கள் கம்பனி வந்தது. கம்பனியின் பின்னால் நான் போனேன். வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படித்து, சந்தைப்படுத்தலில் டிப்ளோமா முடித்து, வீட்டில் குந்தியிருந்து அம்மாவின் ஏச்சை வாங்கிக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏசி போட்ட வேலை என்றால் மோட்சம்தான்.

இப்போது எனக்கு இருபத்தொன்பது. ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்க வேண்டாம், கேக்கிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. என் பிரியாவிடைக்குக் கேக் செய்தவர் யாரோ கிழவருக்கு என்று நினைத்து, 'ஓய்வுகால வாழ்த்துகள்' என்று சிங்களத்தில் ஐசிங் போட்டுவிட்டார். சேமலாப நிதியை எடுக்க எனக்கு இன்னும் இருபத்தொரு வருடம் இருக்கிறது. ஆனாலும் ஓய்வு பெற்றவர்களின் சலுகை ஒன்றை இப்போதே எடுத்துக்கொள்ளலாம்: யாராவது கேட்டால் பழைய கதையை விட்டு விளாசலாம்.

கேட்டது சுமையா. கம்பனி தெற்கே இன்னொரு கரையில் புதுக்கிளை திறக்கிறது. அங்கே வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. போன மாதம் எப்படியோ நம்பர் தேடி எடுத்துவிட்டாள்.

"மிஸ், ஒங்கட பேர் பயிற்சிப் புத்தகத்துல இரிக்கி. தீவுத் திட்டம் எண்டு ஒரு பக்கம். எங்களயும் இங்க செய்யச் செல்றாங்க. எப்பிடி மிஸ் அந்த ஐடியா வந்த?"

"கடலை தின்றதால வந்தது," என்றேன்.

"அது புத்தகத்துல இல்லயே."

புத்தகத்தில் இல்லாதவை நிறைய. அதனால்தான் எழுதுகிறேன், சுமையா. இதை வேலை நேரத்தில் வாசிக்க வேண்டாம், கமெராவில் விழும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்புக்குக் கிட்ட மூன்று வாரம். சிரிக்கப் பழக்கினார்கள், முதுகு பிடிக்காமல் பெட்டி தூக்கப் பழக்கினார்கள், பழைய பக்கட்டை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் வைக்கப் பழக்கினார்கள். உபயோகமாகப் படித்தது ஒன்றுதான். ஒரு வீட்டுக்காரிக்குப் பன்னிரண்டு சாமானின் விலை மட்டும் மனதில் நிற்கும். சீனி, பருப்பு, அரிசி, கோதுமை மா, பால்மா, டின்மீன், தேங்காயெண்ணெய், இப்படி. அந்தப் பன்னிரண்டையும் ஊரிலுள்ள எந்தக் கடையையும்விடக் குறைத்து விற்க வேண்டும், நட்டமானாலும் பரவாயில்லை. சீப்பு என்ன விலை, நெருப்புப்பெட்டி என்ன விலை, துணி காயப்போடும் கிளிப் என்ன விலை என்று எவருக்கும் ஞாபகம் இராது. நட்டத்தை அங்கே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சனத்தின் மறதியில் இவ்வளவு காசு கிடக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. புல்லரித்தது என்றே சொல்வேன்.

எனக்குக் கிடைத்த வேலை விலை பார்ப்பது. கிழமைக்கு ஒருமுறை ஊர்க் கடைகளுக்குள் வாடிக்கையாளரைப் போலப் போய், அந்தப் பன்னிரண்டு சாமானின் விலையையும் அறிந்துகொண்டு வர வேண்டும். உள்ளே வைத்து எழுதக்கூடாது, போனை எடுக்கக்கூடாது. பன்னிரண்டு விலை, ஒன்பது கடை. என் மூளைக்கு அது மட்டுமீறின வேலை. வெளியே வந்ததும் பருப்பும் மாவும் கலந்து களியாகிவிடும்.

அப்போதுதான் செபமாலை கை கொடுத்தது. எங்கள் வீட்டில் பின்னேரத்தில் எல்லோரும் முழங்காலில் இருந்து சொல்கிற செபமாலை. பெரிய மணி ஒன்று, சின்ன மணி பத்து, பிறகு மறுபடி பெரிய மணி. பெரிய மணியில் கடையின் பெயரை வைத்தேன், ஐந்து பெரிய மணியும் முடிந்தால் மறு சுற்று. சின்ன மணி ஒன்றுக்கு ஒரு சாமான். மிஞ்சுகிற இரண்டையும் இரண்டு காதுத் தோட்டிலும் வைத்தேன். மணியை உருட்டி விலையை மெல்லச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும். மாதாவுக்கு இது பிடித்திருக்காது. ஆனால் மாதாவும் நாசரேத்தில் சாமான் வாங்கிய மனுசிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரிலுள்ள முஸ்லிம் கடைக்காரர்கள், இந்தக் கத்தோலிக்கப் பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று எனக்கு மரியாதையாக வழி விட்டார்கள்.

ஜவுபர் நானாவைத் தவிர.

அவர் தொண்ணூறில், யுத்தம் நடந்தபோது, மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிறவர். மூன்றாவதோ நாலாவதோ தடவை நான் மாலையும் கையுமாக அவருடைய பருப்பு மூட்டைக்கு முன்னால் நிற்கும்போது கேட்டார்.

"புள்ள, என்ன ஓதுறீங்க?"

"செபம் நானா."

"எந்த செபத்துல பருப்பு வருது?"

நான் மாலையைக் கைக்குள் பொத்தினேன். அவர் அவசரப்படாமல் தராசுத் தட்டைத் துடைத்தார்.

"கண்ணாடிக் கடப் புள்ளதானே. இருங்க, பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க. கடதாசில எழுதித் தாறன். பிழையா கொண்டு போனா ஒங்கட சேர் ஏசுவாரு."

பன்னிரண்டு விலையையும் வடிவான எழுத்தில் எழுதித் தந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தந்தார். நான் கேட்டேன், "நானா, நாங்க இதவிடக் குறைச்சுப் போடுவம் எண்டு தெரியும்தானே?"

"தெரியும். ஒங்கட சீனி, நான் மொத்தக் கடையில வாங்குற வெலயவிடக் கொறய. அதான் நானும் ஒங்கள்ட்டயே வாங்குறன்."

உண்மைதான். எங்கள் கடையில் ஒரு ஆளுக்கு இரண்டு கிலோ சீனி என்று வரையறை. ஜவுபர் நானாவின் மச்சான், மச்சானின் மகன்மார், மருமகன், பக்கத்துச் சலூன்காரர் என்று பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு கிலோவாக வாங்கி, பின்வாசலால் அவருடைய கடைக்குப் போவார்கள். காசாளர் பிள்ளைகளுக்கு அவர்களின் முகம் தெரியும். என்ன நானா இண்டைக்கும் பாயாசமா என்று கேட்டுவிட்டு பில் போடுவார்கள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவருடைய கடைச் சீனியில் எறும்பு ஓடும். தராசு காற்றடித்தால் ஆடும். எங்கள் கடையில் பதினெட்டுப் பெண்பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம், சேமலாப நிதி, கதவு பூட்டுகிற கழிவறை எல்லாம் கிடைத்தன. கற்பிட்டியில் அதற்கு முதல் ஒரு பெண்பிள்ளைக்கு அப்படி வேலை எத்தனை இருந்தன என்று என்னைக் கேட்டால் விரலே மடக்க மாட்டேன்.

இனி எங்கள் சேர். பிரதீப் சேர், குருநாகல்காரர், கிளை முகாமையாளர். நாங்கள் சிங்களத்தில்தான் கதைப்போம். இங்கே தமிழில் எழுதுகிறேன். ஏழு வருடத்தில் அவர் ஒருமுறை குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் கடை திறக்க முதல் ஒரு வெறும் தள்ளுவண்டியை எடுத்து, தட்டுகளுக்கு இடையே ஒவ்வொரு ஒழுங்கையாகத் தள்ளிக்கொண்டு போவார். சில்லு கிறீச்சிடுகிறதா என்று கேட்பதற்கு. பிறகு முழங்காலை மடக்கி, குட்டையான ஒரு பெண்மணியின் உயரத்துக்கு வந்து தட்டுகளைப் பார்ப்பார். பிறகு பெருவிரலில் நின்று நெட்டையான ஆளின் உயரத்துக்குப் போய்ப் பார்ப்பார். அலுமாரித் தட்டில் டின்மீன் ஒன்று முகம் திரும்பி நின்றால், வாக்கியத்தின் நடுவில் என்றாலும் நிறுத்தி, அதை நேராக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். யாரை எச்சரித்தாலும், நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிட்டுக் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: "நம்பர் பேசட்டும், நங்கி. நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்போம்."

என் யோசனையை அவரிடம் கொண்டு போனேன். சில்வெஸ்டர் அண்ணனின் படகைச் சனிக்கிழமைகளில் கம்பனி வாடகைக்குப் பிடிக்க வேண்டும். உச்சமுனைச் சனத்துக்குப் போக வர இலவசம். கடையில் சாமான் வாங்கினால் போதும். அவர் கேட்டுக்கொண்டே ஒரு பிஸ்கட் பக்கட்டை நேராக்கினார்.

"இப்போது எங்கே வாங்குகிறார்கள்?"

"துறையில் ஒரு சின்னக் கடை, சேர்."

"அந்தக் கடை என்ன செய்யும்?"

"அது சமாளிக்கும்." அந்தக் கடையில் எத்தனை பிளேன்டீ குடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படியிருந்தும் சொன்னேன்.

முதல் சனிக்கிழமை படகு நிறைய ஆட்கள் வந்தார்கள். பெண்கள் பூசைக்குப் போகிற சேலை உடுத்து, பவுடர் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பேணி. நீலப் பேணி, பிஸ்கட் பேணி, சிவப்பு நூல் போத்தல், கான் எல்லாம். நான் எல்லாவற்றையும் திட்டமிட்டிருந்தேன், வரவேற்புப் பலகைகூட எழுதியிருந்தேன். பேணியை மறந்துவிட்டேன். வெளியிலிருந்து கொண்டு வருகிற பை, பாத்திரம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது கம்பனிச் சட்டம். காவலாளி பேணிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பைத் தட்டில் அடுக்கி, நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்தார்.

பெர்னடெட் அக்கா வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரந்த தோள், வெயிலில் சுருங்கிய கண், வாயில் எப்போதும் ஒரு குத்தல். உச்சமுனையில் அதிகம் கருவாடு போடுகிறவர் அவர்தான்.

"பிள்ள, பேணிய வாங்கி வச்சிட்டு நம்பர் தாறீங்க. சாமான இந்த நம்பருக்குள்ளயா போட்டுக்கொண்டு போறது?"

"இங்க எல்லாம் பக்கட்டில வரும் அக்கா. பையும் தருவம்."

"பேணி?"

"போகும்போது எடுக்கலாம்."

"வெறும் பேணியக் கொண்டு வந்து வெறும் பேணியக் கொண்டு போறது. நல்ல உலாத்து." உள்ளே போனார். ஏசிக் காற்றில் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். பிறகு விலைகளைப் பார்த்துவிட்டு என்னை முதுகில் தட்டினார். "எண்டாலும் மலிவுதான்."

மலிவுதான். அடுத்த சனிக்கிழமை ஒருவரும் பேணி கொண்டு வரவில்லை. மூன்றாவது மாதம் எனக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் உதவி முகாமையாளர் பதவியும் கிடைத்தன. நாலாவது மாதம் உச்சமுனைக் கரையில் எங்கள் கம்பனியின் பெயர் போட்ட பைகள் இறால்வலையில் சிக்கத் தொடங்கின. அதையும் விளம்பரம் என்று அறிக்கையில் எழுதலாமா என்று யோசித்தேன், எழுதவில்லை.

கிழமை நாட்களில் படகில் பேணி குறைந்தது. பேணி குறைந்ததும் ஜவுபர் நானா கொடுக்கிற கூலி குறைந்தது. தினமும் ஓடிய படகு ஒன்றுவிட்ட ஒரு நாள் ஓடியது. பிறகு ஜவுபர் நானா கடையை மூடினார். அன்று செவ்வாய்க்கிழமை. நான் பழக்கத்தில் விலைக் கடதாசிக்குப் போயிருந்தேன்.

அவர் தராசைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இண்டைக்கி வெல இல்ல, புள்ள. எல்லாம் சும்மா. ஒரு கிலோ உப்பு எடுத்துக்கொண்டு போங்க."

"எங்க போறீங்க நானா?"

"மன்னாருக்கு. வாப்பாட காணி கிடக்கு. சின்னதா ஒரு கட போடலாம்." தராசுத் தட்டைப் பெட்டிக்குள் வைத்தார். "தொண்ணூறுல அங்க கடய மூடச் செல்லக்குள்ள ஒரு சில நாள்தான் தந்தாங்க. நீங்க எட்டு மாசம் தந்தீங்க. நீங்க நல்ல ஆக்கள்."

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் உப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

அதோடு கிழமை நாட்களில் படகு நின்றது. தீவுப் பள்ளிக்கூடம் சின்ன வகுப்புகளோடு முடிந்துவிடும். அந்த நாலு பிள்ளைகளில் இருவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். ஒருத்தியைச் சிலாபத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியது பெர்னடெட் அக்காவின் மகள் டெல்சி மட்டும். கரைக்கு வருகிற மீன்படகு கிடைத்த நாளில் அவள் பள்ளிக்கூடம் வருவாள், கிடைக்காத நாளில் வரமாட்டாள். இனி வருவது பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை.

மூன்று மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. உச்சமுனை வாடிக்கையாளர்கள் இப்போது பழகிவிட்டதால் இலவசப் படகு இனித் தேவையில்லை. துறைக் கடை மூடிவிட்டபடியால் எப்படியும் வருவார்கள். இரண்டாவது வசனத்தை அவர்கள் எழுதவில்லை, நான் வாசித்தேன். சனிக்கிழமைப் படகும் நின்றது. சில்வெஸ்டர் அண்ணன் டொல்பின் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரரை ஏற்றத் தொடங்கினார். "தங்கச்சி, டொல்பின் சீனி கேக்காது," என்றார். கார்த்திகையிலிருந்து சித்திரை வரை அவருக்கு நல்ல உழைப்பு.

பெர்னடெட் அக்கா கடைக்கு வந்தது ஒரு புதன்கிழமை. மீன்படகில் வந்திருந்தார். கூடவே யூனிபோர்மில் டெல்சி. அக்கா தோளிலிருந்த சாக்கை வாடிக்கையாளர் சேவை மேசையில் இறக்கினார். கட்டா மீன் கருவாடு. ஏசி அந்த வாசத்தை எடுத்துக் கடை முழுவதும் பரிமாறியது. ஷாம்பூ ஒழுங்கையில் நின்ற ஹோட்டல்காரப் பெண் ஒருத்தி தும்மினாள்.

"இத எடுங்கோ," என்றார்.

"அக்கா, நாங்க இப்பிடி வாங்கிறதில்ல."

"பின்ன அங்க தொங்கிறது என்ன?"

"அது பக்கட்."

"உள்ளுக்கு என்ன, கருவாடுதானே?"

"கருவாடுதான்."

"எந்த ஊர்க் கருவாடு?"

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சின்ன எழுத்தில் தாய்லாந்து என்றிருந்தது. வாசித்தேன். அக்கா மகளைப் பார்த்துச் சொன்னார்: "தாய்லாந்துக்கு இங்கயிருந்து படகு ஓடுது போல, டெல்சி. உச்சமுனைக்குத்தான் இல்ல."

டெல்சி சிரிக்கவில்லை. அவள் மேசை ஓரத்தில் கொப்பியை வைத்து, யாரிடமோ வாங்கிய பாடத்தை வேகமாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். "இந்த மாசம் இவள் பள்ளிக்கூடம் போனது ஆறு நாள்," என்றார் அக்கா, என்னிடம் இல்லை, சாக்கிடம்.

பிரதீப் சேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் பயந்தோம். அவர் சாக்குக்குள் குனிந்து மணந்தார். ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, சில்லுச் சத்தம் கேட்கிற அதே கவனத்தோடு மென்றார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அம்மா, மிச்சம் நல்ல கருவாடு. எனக்கு ஒரு கிலோ." சொந்தப் பணப்பையைத் திறந்து கொடுத்தார். அக்கா காசை வாங்கிக்கொண்டு, மீதிச் சாக்கு என்ன ஆகும் என்று கண்ணால் கேட்டார். சேர் என்னைப் பார்த்தார். "படிவம் நிரப்பு, நங்கி."

நிரப்பினேன். வழங்குநர் பதிவுப் படிவம், ஆய்வுகூடச் சான்று, மூன்று மொழியில் பெயர்ச்சீட்டு, பார்கோட். எல்லாவற்றுக்கும் பிறகு கருவாடு முதலில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மத்திய களஞ்சியத்துக்குப் போக வேண்டும். அங்கே பதிவாகி, லொறியில் திரும்பி வந்து, இறங்கிய துறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் தட்டில் ஏறும். அதற்கும் நான் தயார். பாரம் ஏறினால் படகு ஓடும், படகு ஓடினால் டெல்சி வருவாள், இவ்வளவுதான் என் தலைக்குள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. தரம் மிகச் சிறப்பு. ஆனால் எல்லாக் கிளைகளுக்கும் ஒவ்வொரு வாரமும் அனுப்பக்கூடிய அளவு இருந்தால் மட்டும் எடுக்கலாம். அந்த அளவைக் கொடுக்க வேண்டுமானால் உச்சமுனைச் சனம் முழுக்கக் கருவாடு போட்டு, மீனும் தானாக வலைக்குள் வரிசையாக வந்து ஏற வேண்டும்.

அன்று சேரிடம் போய்ச் சொன்னேன். "சேர், அந்தப் படகு நின்றது எங்களால். என்னால்."

அவர் ஒரு டின்மீனை நேராக்கினார். "நம்பர் எப்படி?"

"நன்றாக இருக்கிறது, சேர்."

"அதுதான். நம்பர் மோசமென்றால் அனுப்ப என்னிடம் படிவம் இருக்கிறது. நம்பர் நன்றாக இருக்கும்போது வருகிற பிரச்சினைக்குப் படிவம் இல்லை, நங்கி."

டின்மீன் நேராகத்தான் நின்றது. அவர் மறுபடி நேராக்கினார்.

அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுக் கடிதம் வந்தது. தீவுத் திட்டத்தை மற்றக் கரைகளுக்கும் கொண்டு போகிற வேலை, கொழும்பில். வாகனம் உண்டு. இரண்டு நாள் யோசித்தேன். வாகனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை விடலாமா என்றும் யோசித்தேன். பிறகு விலகல் கடிதம் கொடுத்தேன். தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அம்மா நினைக்கவில்லை, மண்டைப் பிழை என்றுதான் சொன்னார். எனக்கு ஒரு கேள்வி பிடித்துவிட்டது, அவ்வளவுதான். படகை நிறுத்தத் தெரிந்த ஆளுக்கு ஓட்டத் தெரியுமா?

இப்போது வைகாசி. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கிவிட்டது, டொல்பின் பார்க்க ஒருவரும் வருவதில்லை. சில்வெஸ்டர் அண்ணனின் படகு துறையில் சும்மா கிடக்கிறது. காற்று வெளிக்கடலில்தான், உள்ளேயிருக்கிற களப்பு நீருக்குள்ளால் எப்போதும் போலப் போகலாம். போய்ச் சொன்னேன்.

"பாரம் இரிந்தா ஓடலாம் தங்கச்சி. நீ சும்மா கதை சொன்னா ஓட ஏலாது."

பாரத்துக்குத் திட்டம் இருக்கிறது. ஜவுபர் நானாவின் பழைய கடையின் முன்னறையை வாடகைக்குப் பேசியிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு சாமானையும் கண்ணாடிக் கடையிலேயே வாங்கப்போகிறேன். இந்த ஊரில் அதைவிட மலிவாக ஒருவரும் தரமாட்டார்கள், அந்த விலையை வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. சலூன்காரர் இன்னும் வரிசையில் நிற்கத் தயார் என்கிறார். மற்றச் சாமானெல்லாம் புத்தளத்து மொத்தக் கடையில். கருவாட்டைக் கண்ணாடிக் கடைக்கு எதிரே ரோட்டின் மறுபக்கம் ஒரு மேசை போட்டு விற்கலாம். சீனி வாங்க வருகிறவர்கள் கருவாட்டு வாசத்தோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். பிரதீப் சேரிடம் மறைக்கக்கூடாது என்று போய்ச் சொன்னேன்.

"ஒரு ஆளுக்கு இரண்டு கிலோ," என்றார். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே யோசித்தார். "ஒரு நாளைக்கு எத்தனை ஆள் என்று பலகையில் எழுதவில்லை. எனக்கு மாதம் ஒரு கிலோ வை. கட்டா."

சரிவருமா தெரியாது. பெர்னடெட் அக்காவுக்கும் தெரியாது. "பேணியெல்லாம் கோழிக்குத் தண்ணி வைக்கிறதுக்குப் போட்டம்," என்றார் போனில். "கழுவி அனுப்பிறன். டெல்சியும் வருவாள். பிறகு நிப்பாட்டினாயெண்டா தலையில போடுவன்." பரீட்சை முடியும் வரையாவது ஓட்ட வேண்டும் என்பதுதான் என் இப்போதைய இலட்சியம். அதற்கப்பால் யோசித்தால் எனக்கு மறுபடி பெரிய யோசனை வந்துவிடும்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பேணி வரும். எது யாருடையது, எதற்குள் என்ன, எவ்வளவு? ஒரு துண்டுக் கடதாசி வராது. சந்தைப்படுத்தல் டிப்ளோமாவில் இதற்குப் பாடம் இல்லை. நேற்றுப் பின்னேரம் மன்னாருக்குப் போன் எடுத்தேன். ஜவுபர் நானா எல்லாவற்றையும் கேட்டார். பின்னால் தராசுத் தட்டுச் சத்தம் கேட்டது.

"எழுதிக்கொள்றீங்களா, புள்ள?"

"பேணி வரும்போது கையில பேணி இருக்கும் நானா, கடதாசி பார்க்க ஏலாது. நீங்க சொல்லுங்க. செபமாலை இருக்கு."

அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு சொல்லத் தொடங்கினார், தெற்குக் கரையிலிருந்து வீடு வீடாக. பெரிய மணியில் தேவாலயத்தடி. முதல் சின்ன மணி, பிஸ்கட் பேணி, பருப்பு, முக்கால். இரண்டாவது மணி, மூடியில்லாத பேணி, மா, நிறைய. மூன்றாவது பத்தின் நாலாவது மணியில் பெர்னடெட் அக்கா வந்தார்: நீலப் பேணி, சீனி, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, சிவப்பு நூல் போத்தல், எண்ணெய். ஐந்து பத்தும் ஏறக்குறைய நிரம்பிவிட்டன.

திங்கட்கிழமை காலை படகு வருகிறது. நான் இன்னும் மூன்று தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டாவது பத்தில் பருப்பும் மாவும் இன்னும் கலக்கின்றன.